எண்ணூர் சாலையில் ஒரு ரயில்பெட்டி

எங்கள் சலோரா தேசத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள்: நீங்கள் ரயிலா, பஸ்ஸா? மாப்பிள்ளை வீடு ரயிலாகவும் பெண் வீடு பஸ்ஸாகவும் இருந்துவிட்டால் காபியோடு பேச்சு முடிந்துவிடும். நாட்டில் இருப்பதே இரண்டு கட்சிகள்தான். ஒன்று தண்டவாளக் கட்சி, இன்னொன்று சாலைக் கட்சி. ரயிலும் பஸ்ஸும் குறுக்கிடும் கேட்டில் எந்தக் கட்சி ஆள்கிறதோ அந்த வண்டி முதலில் போகும். இப்போது கூட்டணி ஆட்சி என்பதால் இரண்டும் நிற்கின்றன.

சலோரா ஒரு தீவு. தண்டவாளம் போட அங்கே கப்பலேறிப் போன தமிழர்களின் வம்சத்தில் வந்தவன் நான். துறைமுகத்திலிருந்து மலை உச்சியில் இருக்கும் மல்வேரி வரை போகும் ஒரே ரயிலில் கார்டு வேலை. மழைக்காலம் வந்தால் மல்வேரிச் சாலை ஆற்றோடு போய்விடும். என் மகள் பிறந்த அன்றும் அப்படித்தான் போயிருந்தது. என் மனைவியைக் கீழே இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது இந்த ரயில்தான். அதனால் நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் சட்டப்படி ரயில் என்றால் ஓர் என்ஜினும் இரண்டு பெட்டிகளும். போன மழையில் ஒரு பெட்டியின் தரை இற்று விழுந்துவிட்டது. ஒற்றைப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவது ரயில் ஆகாது, ஆகவே நாட்டில் ரயிலே இல்லை, ஆகவே தண்டவாளத்தைப் பெயர்த்துத் தார் போடலாம் என்று சாலைக் கட்சி கிளம்பியது. கடைசியில் ஒரு சமரசம் ஆனது. சட்டசபை கூடுவதற்குள் ரயில்வே ஒரு பழைய பெட்டி வாங்கி வந்துவிட்டால் ரயில் தொடரலாம். ஆனால் ஒரு நிபந்தனை. வாங்கும் ஊரிலேயே அந்தப் பெட்டியில் ஆட்களை நிறைய ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். ஏறியவர்களில் ஒருவர் குறை சொன்னாலும் பெட்டி கப்பல் ஏறாது.

பெட்டி சென்னையில் எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் யார்டில் கிடைத்தது. வாங்கி வர என்னை அனுப்பினார்கள். நான் ஒழுங்காக வாங்குகிறேனா என்று பார்க்கச் சாலைத்துறை அதிகாரி பெர்னோ கூடவே வந்தார். அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாகப் பஸ்கள் உண்டு. ஆள் நல்லவர்தான். ரயில் என்றால் மட்டும் முகம் கோணிக்கொள்ளும்.

ராயபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். முதல் நாள் காலை இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். பெர்னோ வடகறியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார். பரிமாறியவர், "இட்லி துன்னுபா, அது தொட்டுக்க வெச்சது" என்றார். நான் பெர்னோவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். நான் வாயைத் திறந்தால் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தீவில் தமிழைப் புத்தகத்திலிருந்து படித்தோம், அப்படியே பேசுவோம். "இன்னா சார், டீவில நூஸ் வாசிக்கிற மாரியே பேசுற" என்றார் கல்லாவில் இருந்தவர். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அன்று பகலில் தண்டையார்பேட்டை வரை ஷேர் ஆட்டோவில் போனோம். பெர்னோவின் கண்கள் கலங்கிவிட்டன. கால அட்டவணை கிடையாது, நிலையம் கிடையாது, கை காட்டிய இடத்தில் நிற்கிறது. அவருடைய கட்சி தேர்தல் அறிக்கையில் மட்டும் பார்த்த சொர்க்கம் இங்கே மூன்று சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "அல்லாரும் கொஞ்சம் உள்ள போங்கப்பா" என்றார் ஆட்டோக்காரர். உள்ளே என்று ஓர் இடமே இல்லை. ஆனாலும் எல்லோரும் போனார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. பழிக்குப் பழியாக வண்ணாரப்பேட்டையில் மெட்ரோவுக்குக் கூட்டிப் போனேன். சுத்தமாக, ஜில்லென்று, சொன்ன நேரத்துக்கு வந்தது. பெர்னோ சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பூமிக்கு அடியில் நடப்பது சுரங்கத் துறையின் கீழ் வரும், அதைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். சாயங்காலம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துத் தருகிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வரவில்லை.

மறுநாள் யார்டுக்குப் போனோம். பெட்டியைக் கையால் தடவிப் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட், மரப்பலகை இருக்கைகள், மேலும் கீழும் தள்ளும் ஜன்னல்கள். எங்கள் மலைக்கு அளந்து வைத்த மாதிரி இருந்தது. பெர்னோ சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சிரித்தார்.

"தண்டவாளம் எங்கே?" என்றார் எங்கள் தீவு மொழியில்.

யார்டில் தண்டவாளம் இல்லை. இந்தப் பெட்டி ஓடும் அகலத்துப் பாதையை இந்த ஊரில் எப்போதோ எடுத்துவிட்டார்களாம். ஓட்டிக் காட்ட வழியே இல்லை. நிபந்தனை போட்டவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. "கப்பல் வரைக்கும் கொண்டுபோவோம். அங்கே வைத்துத்தான் நான் முடிவு சொல்ல வேண்டும், ஓட்டிக் காட்டவில்லை என்று சொல்லிவிடுகிறேன்" என்றார் பெர்னோ. திட்ட வேண்டும் போலிருந்தது. எங்கள் மொழியில் அதற்குத் தோதான வார்த்தைகள் இல்லை. இந்த ஊர் மொழியில் இருக்கின்றன, ஆனால் அவை எனக்கு அப்போது பழக்கமாகியிருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் பெட்டியை ஒரு நீள டிரெய்லர் மேல் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். டிரெய்லர் ஓட்டுபவர் பெயர் ஏழுமலை, வியாசர்பாடிக்காரர். ஒரு பூசணிக்காயை உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். டிரெய்லர் சக்கரத்துக்கு வைத்த பிறகு, மேலே ஏறி ரயில்பெட்டிச் சக்கரத்துக்கும் தனியாக வைத்தார். "அதுவும் வண்டி தான நைனா, ஏக்கமா பூடும்" என்றார். மனசு கேட்காமல் நானும் ஒரு கற்பூரம் ஏற்றினேன்.

துறைமுகம் ஒன்றும் தூரமில்லை. கடலை ஒட்டியே நேர் சாலை. கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், நின்றுவிட்டோம். எங்களுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, அதற்கு முன்னால் ஒன்று, அதற்கும் முன்னால் ஒன்று. ஏழுமலை என்ஜினை அணைத்துவிட்டு லுங்கிக்கு மாறினார்.

"எப்போது நகரும்?" என்று கேட்டேன்.

"நவுரும்போது நவுரும். நாஷ்டா துன்னியா?"

எங்கள் ஊரில் கேட்டில் நிற்பதற்கே நான்கு தலைமுறையாக அரசியல் செய்கிறோம். இங்கே ஒரு சாலை முழுக்க நிற்கிறது. யாரும் கட்சி ஆரம்பிக்கவில்லை. டிரைவர்கள் லாரி நிழலில் சமைத்தார்கள், துணி உலர்த்தினார்கள், சீட்டாடினார்கள். ஏழுமலை கேபினுக்குப் பின்னால் ஸ்டவ் வைத்துக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கவிட்டார். அன்று முழுக்க அங்கேயே இருந்தோம். பெர்னோ முதல் முறையாகச் சாலையைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

அடுத்த நாளும் அதே கதைதான். வரிசை ஆமை மாதிரி ஊர்ந்து திருவொற்றியூர்ப் பக்கம் வந்திருந்தது. லாரிகள் அடைத்துக்கொண்டதால் பஸ் வரவில்லை, ஷேர் ஆட்டோவும் இல்லை. ஓரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஓர் அம்மாள், காலி அலுமினியக் கூடையை இடுப்பில் வைத்தபடி டிரெய்லர் அருகே வந்தார். ஐம்பது வயது இருக்கும். காசிமேட்டில் மீன் எடுத்து எர்ணாவூரில் விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர். பெயர் தெரசா என்று பிறகு தெரிந்தது.

"இன்னாப்பா டிரைவரு, இது எங்க போவுது?"

"ஆர்பருக்குக்கா."

"காசிமேட்டத் தாண்டி தான போவணும்?"

"ஆமா."

"அப்பால இன்னா மூஞ்சியப் பாத்துகினு கீற? ஏணியப் போடு."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் பெர்னோவைப் பார்த்தேன். பெர்னோ பெட்டிக்குள் ஜன்னலோர இருக்கையில் அப்போதுதான் உட்காரக் குனிந்துகொண்டிருந்தார். சட்டென்று ஜன்னல் வழியாக ஒரு பொருள் பறந்து வந்து அந்தப் பலகையில் விழுந்தது. கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் துணிச் சும்மாடு. இன்னும் ஈரமாக, மீன் வாசனையோடு இருந்தது. பெர்னோ குனிந்தபடியே நின்றுவிட்டார். ஏணி வழியாக மூச்சிரைக்க ஏறிவந்த தெரசா, "நவுரு நைனா, இங்க ஆள் வருது" என்றார். அந்த ஆள் அவரேதான். சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்தச் சட்டத்தை நான் பெர்னோவுக்கு விளக்கினேன். இந்த நாட்டில் வெளியே நின்றபடி ஒரு துணியை உள்ளே போட்டுவிட்டால் இடம் சொந்தமாகிவிடும், நீதிமன்றத்துக்குப் போனாலும் எதிர்வழக்கு நிற்காது என்றேன். அவர் அதை மதித்தார். அதிகாரி அல்லவா, விதி என்றால் எதுவானாலும் மதிப்பார்.

தெரசா ஏறியதைப் பார்த்ததும் சாலையோரக் கூட்டம் முழுக்கக் கிளம்பியது. ஜன்னல் ஜன்னலாகக் கைக்குட்டை, சாப்பாட்டுப் பை, துப்பட்டா, ஒரு ஹெல்மெட் எல்லாம் உள்ளே விழுந்தன. வெல்டிங் பட்டறைக்காரர்கள் வந்தார்கள், துணி கம்பெனிப் பெண்கள் வந்தார்கள், வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் இரண்டு மூட்டையோடு வந்தார். ஏழுமலை படிக்கட்டில் தொங்கியபடி கண்டக்டராகிவிட்டார். உட்கார இடம் தீர்ந்து நிற்க ஆரம்பித்தார்கள். வரிசை மெல்ல ஊர்ந்தது. ஊர்ந்தாலும் ஓட்டம் ஓட்டம்தானே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள், பெட்டி போய்க்கொண்டிருக்கிறது.

அதைப் பெர்னோவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் குறைகள் தொடங்கின.

"இன்னாப்பா, ஒரு ஃபேன் கூட இல்ல?"

"பலகையா இது? இடுப்பு கயண்டுகினு போவுது."

"ஒரே கலீஜா கீது, ஒரு தபா தொடைச்சிருக்கக் கூடாதா?"

"நடந்து போயிருந்தா இந்நேரம் வூட்டுக்குப் போயி உல வெச்சிருப்பேன்" என்றார் தெரசா. எல்லோரையும்விட அவர் சத்தம்தான் அதிகம். ஜன்னல் சிக்குகிறது, கம்பி துரு, படி உயரம், இந்தப் பெட்டியைச் செய்தவன் பேமானி என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார்.

பெர்னோ என் தோளைத் தொட்டு, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார்.

"கடல் காற்றைப் பற்றி" என்றேன்.

அவர் நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பெட்டியின் நடுவே போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னை நம்பாமல் ஊரில் இருக்கும்போதே மூன்று தமிழ் வார்த்தைகளைப் படித்து வந்திருக்கிறார். குறை, உண்டு, இல்லை. என் உதவி இல்லாமலே உரத்த குரலில் கேட்டார்:

"குறை உண்டா?"

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மல்வேரி ஸ்டேஷன் என் கண்ணில் வந்தது, மழையில் நிற்கும் ஆட்கள் வந்தார்கள். தெரசா பெர்னோவை ஏற இறங்கப் பார்த்தார். பளபளக்கும் ஷூவைப் பார்த்தார், இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்தார்.

"கொறயா? இன்னா கொற? ஒண்ணியும் இல்ல" என்றார். "ராஜா மாரி குந்திகினு வர்றோம்."

"இல்ல சார், சோக்கா கீது" என்றார் வெல்டிங்காரர்.

"ஜில்லுனு கீது, மாஷா அல்லா" என்றார் பாய். தாடியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

இல்ல, இல்ல என்று பெட்டி முழுக்கக் கேட்டது. பெர்னோவுக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளில் ஒன்று அது. பின்பக்கம் வரை நடந்து ஒவ்வொருவரையும் கேட்டார். துணி கம்பெனிப் பெண்களில் ஒருத்தி இப்படி வண்டி தினம் வருமா என்று திருப்பிக் கேட்டாள்.

அவர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஆனால் இது தண்டவாளத்தில் ஓடவில்லை. லாரி சுமந்துகொண்டு போகிறது."

"ஆமாம். சாலையில் போகிறது" என்றேன். "சாலையில் போனால் அது பயணமே அல்ல என்று உங்கள் கட்சி அமைச்சருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். நானும் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்."

பெர்னோ பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அப்புறம் போனை எடுத்தார். பெட்டி நிறைய ஆட்களோடு ஓடியது, யாரும் குறை சொல்லவில்லை என்று சொன்னார். எதில் ஓடியது என்று அந்தப் பக்கம் யாரும் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. கர்ச்சீப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு தெரசா பக்கத்தில் போய் நின்றேன். "வழியெல்லாம் அவ்வளவு திட்டினீர்களே அம்மா, கேட்டபோது ஏன் இல்லை என்றீர்கள்?"

"அய்ய, நீ இன்னா அண்ணே. நாங்களா பேசிக்கிறது வேற. பேனாவ கைல வெச்சினு ஒருத்தன் வந்து கேட்டா கொற சொல்லவே கூடாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க தெரு முனைக்கு ஒரு பஸ்ஸு வந்துகினு இருந்துச்சு. லேட்டா வருதுன்னு அல்லாரும் சேந்து எய்திக் குட்த்தோம். வந்து பாத்தான். பாத்துட்டு நிறுத்திட்டான். இப்போ லேட்டே கெடயாது."

மல்வேரிக்கு முன்பு சாயங்காலமும் ஒரு ரயில் இருந்தது. நேரத்துக்கு வருவதில்லை என்று ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். நானும் போட்டேன். சாலைக் கட்சி அமைச்சர் அவ்வளவு சீக்கிரம் வேறு எந்த மனுவையும் கவனித்ததில்லை. இதைத் தெரசாவிடம் சொன்னபோது, "பாத்தியா, உங்க ஊர்லயும் அதே ஆளுங்க தான் கீறாங்க" என்றார். ஏனோ அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தண்டையார்பேட்டைப் பக்கம் வரிசை மறுபடி நின்றது. தெரசா எழுந்து சும்மாட்டைப் பலகையில் வைத்தார். "இது இப்போ நவுராது. ஒரு டீ குட்ச்சிட்டு வரேன். ஆருனா கேட்டா ஆள் வருதுன்னு சொல்லு, இன்னா?"

"சொல்கிறேன்" என்றேன்.

அவர் கூடையோடு இறங்கிப் போய் எதிர்க் கடையில் டீ சொன்னார். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். இந்த நீள வண்டி எதற்குச் சாலையை அடைக்கிறது, முன்னால் போ, போ என்று விரட்டினார். லாரிகள் ஒதுங்கின, ஏழுமலை ஒரே அழுத்தாக அழுத்தினார். நான் கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை. டீ கிளாஸோடு தெரசா கொஞ்ச தூரம் ஓடி வந்தார். என்னமோ சொல்லித் திட்டினார், அப்புறம் சிரித்தபடி கையை ஆட்டினார். எனக்கும் கை தூக்கத்தான் நேரம் இருந்தது.

மற்றவர்கள் காசிமேட்டில் இறங்கிக்கொண்டார்கள். சும்மாட்டைக் கொடுக்க வேண்டுமே என்று ஏழுமலையிடம் சொன்னேன். "அக்கா வேற சுத்திக்கும், நீ கப்பலப் பாரு நைனா" என்றார். துறைமுக வாசலில் அவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு வண்டியைத் திருப்ப இடம் தேடிப் போனார். பெட்டி கப்பல் ஏறியது.

சட்டசபை கூடியது. தண்டவாளக் கட்சி ரயில் வென்றது என்றது. புதுப் பெட்டி முதலில் சாலையில்தான் ஓடியது என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, சாலைக் கட்சி சாலைதான் வென்றது என்றது. இரண்டு கட்சியும் இனிப்பு வழங்கின. நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு பெட்டியோடு ரயில் துறைமுகத்திலிருந்து முதலில் கிளம்பிய அன்று நல்ல மழை. சாலை வழக்கம்போல் ஆற்றோடு போயிருந்தது. மல்வேரி ஆட்கள் மூட்டை முடிச்சோடு நெருக்கியடித்து ஏறினார்கள். திறப்பு விழாவுக்கு வந்திருந்த பெர்னோவும் மல்வேரிக்குப் போக வேறு வழி இல்லாமல் ஏறினார். பச்சைப் பெட்டியில் ஜன்னலோரம் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதில் சும்மாடு இருந்தது. காய்ந்துவிட்டது, வாசனை மட்டும் போகவில்லை.

பெர்னோ அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஆள் வருது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த கிழவர், எப்போது வருவார் என்று கேட்டார்.

"லேட்டாகும்" என்றேன்.

யாரும் குறை சொல்லவில்லை. பச்சைக்கொடியை அசைத்தேன். பெர்னோ மல்வேரி வரை நின்றுகொண்டே வந்தார்.